முன்பு அந்தப் பெஞ்சில் இருந்தவள்

பீடி சுற்றும் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக வராந்தாவில் என் அருகில் அமர்ந்திருந்த பெண், தன் சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டுவதும் மடக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மடியில் சுளகு இல்லை, இலையும் தூளும் இல்லை. விரல்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. அப்பன் குடித்துவிட்டு அடித்ததால் வீட்டைவிட்டு ஓடிய அவளுடைய ஒன்பது வயது மகன், திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத்தில் தனியாக நின்றபோது மீட்கப்பட்டு, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி ஒரு காப்பகத்தில் இருந்தான். அதற்கு முந்தைய ஆண்டு அவனுக்கு வகுப்பெடுத்தவள் என்ற முறையில் நான் துணைக்குப் போயிருந்தேன். அவர்களுடைய ஊரையோ பெயரையோ இங்கே சொல்லவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

2015ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், அது பெற்றோருக்கு எதிரானது என்று யாரும் சொல்ல முடியாது. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும், சமூக விசாரணையை 15 நாட்களில் முடிக்க வேண்டும், நான்கு மாதங்களுக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும், காப்பகத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், குழந்தையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் கொண்ட ஒரு குழுவின் முன், தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் தனியாக நிற்கும் ஒரு தாய்க்கு இதில் எதுவும் தெரிவதில்லை. அவளுக்கு அது கோர்ட்டு. மகனைக் களவு கொடுத்த குற்றவாளியாக அவள் நிற்கிறாள். முதல் நாள் உள்ளே போனவள், “எம்புள்ளய எங்கிட்ட குடுங்க” என்று கத்தியிருக்கிறாள். அந்தக் கத்தல் கோப்பில் வேறு பெயரில் ஏறிவிட்டது.

நானும் என் பங்குக்கு, “பொறுமையாக இரு, எல்லாம் நல்லபடியாக முடியும்” என்று சொன்னேன். “சரி டீச்சர்” என்றாள். என் சொல் அவளுக்கு ஒரு பைசாவுக்கும் பிரயோசனப்படவில்லை என்பது அந்த இரண்டு வார்த்தைகளிலேயே தெரிந்தது.

அப்போதுதான் அடுத்த பெஞ்சில் இருந்த இன்னொரு பெண் எழுந்து வந்து நடுவில் அமர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். தன் இரண்டு மகள்களை மீட்டு வீட்டுக்கு அழைத்துப் போனவள். ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் நிதி ஆதரவு பற்றி விசாரிக்க அன்று வந்திருந்தாள்.

“ஏளா, நானும் இதே பெஞ்சுல பதினோரு மாசம் இருந்தவதான். உள்ள போயி கத்துனியோ?”

“கத்திட்டேன் யக்கா.”

“நானுந்தான் கத்துனேன். அதுலயே ரெண்டு மாசம் கூடப் போச்சு.”

அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒவ்வொன்றும், முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் இருந்த எனக்குத் தெரியாதது. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் வாயால் சொல்லாதே, பீடிக் கடைப் பாஸ் புத்தகத்தைக் காட்டு என்றாள். விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள், வீடு சின்னது என்று வெட்கப்படாதே, அவன் புத்தகம் வைக்க ஒரு இடமும் படுக்க ஒரு இடமும் இருப்பதைக் காட்டு என்றாள். கையெழுத்து வாங்கினால் என்ன தாள் என்று கேட்டுவிட்டுப் போடு, கேட்டால் கோபிக்க மாட்டார்கள், கேட்காமல் போட்டுவிட்டுப் பிறகு அழுதால்தான் கோபிப்பார்கள் என்றாள். கடைசியாக, காப்பகத்துக்கு மகனைப் பார்க்கப் போகும்போது ஒன்றை மட்டும் செய்யாதே என்றாள்: “அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேம்னு சொல்லிராத. நீ சொல்லிட்டு வந்துருவ. அவன் செவுத்துல கோடு போட்டு எண்ணிக்கிட்டு இருப்பான்.”

சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த கை அப்போதுதான் நின்றது.

நம் சீமையில் காப்பகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் ஆதரவற்றுப் போன பிள்ளைகளை நாசரேத்தில் மிஷனரிகள் சேர்த்துக்கொண்டு தொழில் கற்றுக் கொடுத்தார்கள். ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். அந்தக் காலத்தில் அது பல உயிர்களைக் காப்பாற்றிய வேலை. அதைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதன் நிழலில் நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. வீட்டில் கஷ்டமா, “ஹோம்ல விட்டுருங்க, மூணு வேளை சாப்பாடும் படிப்பும் கெடைக்கும்” என்று வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் காப்பகங்களுக்குப் போனார்கள். நானே இரண்டு பிள்ளைகளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பெரிய உபகாரம் என்றே அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். சட்ட மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், களப் பணியாளர், கணக்காளர் என்று பணியிடங்கள் இருக்கின்றன. இவர்களில் பலர் மனசாட்சியோடு உழைப்பவர்கள். ஆனால் அந்த வரிசையில், பிள்ளையைப் பிரிந்து தவித்து, திரும்பப் பெற்ற ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ ஓர் இடம் இல்லை. அந்த இடத்தை உருவாக்க வேண்டும், அதற்கு ஊதியமும் கொடுக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அரசின் குழந்தைகள் நலப் பணியோடு சேர்ந்தே ‘பேரண்ட் பார்ட்னர்’ என்ற ஏற்பாடு நடக்கிறது. பிள்ளையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு போராடித் திரும்பப் பெற்று, ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக வைத்து வளர்த்தவர்களைப் பயிற்சி கொடுத்து, இப்போது அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்குத் துணையாக அமர்த்துகிறார்கள். துணை கிடைத்த பெற்றோரின் பிள்ளைகள் வீடு திரும்புவது கூடுதலாக இருந்ததை அங்கு நடந்த ஆய்வும் காட்டியது. அங்கே அவசரமும் அதிகம்: கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் பிள்ளை அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையையே முடித்துவைக்க வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கவில்லை. ஆனால் தொங்காததாலேயே மாதங்கள் ஓசையில்லாமல் ஓடிவிடுகின்றன.

நம் அரசுக்கும் இந்த வழி புதிதல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுய உதவிக் குழுப் பெண்களே வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்ணை நம்பிய அரசு, பிள்ளையைப் பிரிந்த துக்கத்துக்கும் நம்பலாம்.

எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்று எனக்கும் தெரியும். சில வீடுகள் பிள்ளைக்கு ஆபத்தானவை. அனுபவப்பட்ட தாய் கண்ணை மூடிக்கொண்டு பெற்றோர் பக்கமே பேசுவாள் என்று ஓர் அலுவலர் என்னிடம் சொன்னார். நான் பார்த்தது வேறு. அந்த நாற்பது வயதுக்காரிதான் சேலைத் தலைப்புக்காரியின் கணவனைப் பற்றி இப்படிக் கேட்டாள்: “ஒம்புருசன் குடிக்கலேன்னு அங்க போயிச் சொல்லாத. எத்தன நாளா குடிக்கலேன்னு சொல்லு. அத மொதல்ல எனக்குச் சொல்லு.” பதில் வரவில்லை. “அப்போ இன்னும் நேரம் ஆகல” என்றாள். நானோ அந்த அலுவலரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பொய்தான் வந்திருக்கும். (ஆண்களுக்கு இப்படிக் கேட்க ஓர் ஆண் வேண்டும், குடியை விட்ட தகப்பன்மார் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை, யாரும் அவர்களைத் தேடிப் போவதில்லை.)

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. துணைக்கு வருகிற தாயை அறிக்கை எழுத வைக்கக் கூடாது. இன்று அவளிடம் அழுதது நாளை கோப்பில் வரும் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள், அதோடு திட்டம் செத்துப்போகும். குழந்தைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலும் மறைக்க முடியாது. இந்த எல்லையை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். எல்லைக்கு இப்புறம் சொன்னவை இருவருக்குள்ளேயே இருக்கட்டும்.

சேலைத் தலைப்புக்காரியின் மகன் ஏழாவது மாதம் வீட்டுக்கு வந்தான். கணவன் மூன்று மாதம் குடிக்காமல் இருந்த பிறகே அது நடந்தது; இடையில் ஒருமுறை குடித்தான், அதை அவளே முந்திக்கொண்டு குழுவிடம் சொன்னாள். இப்போது அவள், அதே வராந்தாவுக்குப் புதிதாக வந்திருக்கும் மேலப்பாளையத்துப் பெண் ஒருத்திக்குத் துணையாகப் போய்வருகிறாள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவு கிடையாது. ஒரு நாள் போனால் ஆயிரம் பீடிக்கான கூலி போகும். போன வாரமும் போயிருந்தாள்.