முதல் மூன்று பேருக்கு மட்டும் பரிசு வைக்காதீர்கள்

தீபாவளி நெருங்குகிறது. இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனங்கள் தங்கள் அஃபிலியேட்டுகளுக்கு, அதாவது பொருளைப் பரிந்துரைத்து விற்றுக் கமிஷன் வாங்குபவர்களுக்கு, பரிசுப் போட்டி அறிவிக்கத் தொடங்கிவிட்டன. முதல் பரிசு ஸ்கூட்டர், இரண்டாம் பரிசு ஐபோன், மூன்றாம் பரிசு கோவா பயணம். இப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்தாலே எனக்கு ஒரு கிடங்குதான் நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கோவையில் இரும்புத் தோசைக்கல்லும் வாணலியும் இணையத்தில் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றில் அஃபிலியேட் பிரிவைக் கவனித்துவந்தேன். யூடியூபில் சமையல் சேனல் நடத்துபவர்கள், வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் இல்லத்தரசிகள் என்று ஏறக்குறைய 200 பேர். அவரவர் லிங்க் வழியாக விற்றால் 8 சதவீதம் கமிஷன். அந்தத் தீபாவளிக்கு நாங்களும் ஸ்கூட்டர் வைத்தோம். யார் முந்துகிறார் என்ற பட்டியலைத் தினமும் இரவு குழுவில் போட்டோம்.

மூன்றாம் நாளே போட்டி முடிந்துவிட்டது. முதலிடத்தில் இருந்தவர் 80 ஆர்டரைத் தாண்டியிருந்தார். பத்தாம் இடத்தில் இருந்தவரிடம் 4. அந்தப் பட்டியலைப் பார்த்தபின் மற்றவர்கள் எதற்காக ஓடுவார்கள்? பெரிய சேனல் வைத்திருப்பவர் பரிசு இல்லாவிட்டாலும் அவ்வளவு விற்றிருப்பார். அவருக்குத்தான் ஸ்கூட்டரும் போனது.

கரூரிலிருந்து ஒரு அக்கா எங்களுக்காக மாதம் ஐந்தாறு கல் விற்பார். புதுக் கல்லை எப்படிப் பழக்குவது என்று அரை வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டு, கல் முழுக்கத் தேய்த்துக் காட்டுவார். முதல் இரண்டு தோசை ஒட்டத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்பார். அவரிடம் கேட்டு வாங்கியவர்கள் கல்லைத் திருப்பி அனுப்பியதே இல்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் அவர் 14 விற்றார். வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேல். பட்டியலில் 27-ஆம் இடம். "பங்கேற்றதற்கு நன்றி" என்று எல்லோருக்கும் போன ஒரே செய்தி அவருக்கும் போனது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் ஒரு வீடியோகூடப் போடவில்லை. அந்தச் செய்தியை அனுப்பியவன் நான்தான். இன்றும் மனம் உறுத்துகிறது.

இப்போது அந்தக் கிடங்கு. பரிசு கொடுத்த பத்து நாளில் பார்சல்கள் திரும்பி வரத் தொடங்கின. பெரும்பாலானவை இரண்டாம் பரிசு வாங்கியவரின் லிங்கில் வந்தவை. எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. பின்கோடு ஒன்றே, தெருப் பெயர் மட்டும் மாறியிருந்தது. இரும்புக் கல் கனமானது, போக வர கூரியர் கட்டணம் முழுவதும் நிறுவனத்தின் தலையில். ஐபோன் ஏற்கெனவே அவர் கையில். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "அதிக ஆர்டர்" என்றுதான் விதியில் எழுதியிருந்தோம். ஆர்டரைக் கொண்டுவந்தார். கடைசி வாரத்தில் வேறு ஒருவர் "இந்தக் கல் துருவே பிடிக்காது" என்று எழுதி விற்றார். இரும்பு எப்படித் துருப்பிடிக்காமல் இருக்கும்? வாங்கியவர்களின் திட்டு இரண்டு மாதம் எங்களுக்கு வந்துகொண்டிருந்தது.

பெரிய நிறுவனங்களும் பட்டியலின் உச்சியை நம்பி ஏமாந்திருக்கின்றன. அமெரிக்க இணையச் சந்தையான ஈபேயின் அஃபிலியேட் திட்டத்தில் அதிகம் சம்பாதித்த முதல் இரண்டு பேர் மீதும் அந்த நிறுவனமே 2008-இல் வழக்குத் தொடர்ந்தது. லிங்கைச் சொடுக்காதவர்களின் கணினியிலும் யாருடைய லிங்கில் வந்தார் என்று காட்டும் குக்கீ என்ற சிறு கோப்பை அவர்களுக்கே தெரியாமல் திணித்து, தாமாக வந்து வாங்கியவர்களின் கணக்கிலும் கமிஷன் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2014-இல் இருவருக்கும் அமெரிக்க நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறு ஆண்டு முதலாளியிடம் மன்றாடி விதிகளை மாற்றினேன். ஒவ்வொருவருக்கும் அவரவருடைய கடந்த மூன்று மாதச் சராசரிதான் எல்லை. அதைப்போல ஒன்றரை மடங்கு விற்றால் பரிசு உண்டு, எத்தனை பேர் தாண்டினாலும் அத்தனை பேருக்கும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்து, பணம் வந்துசேர்ந்த விற்பனை மட்டுமே கணக்கு. பட்டியலைக் குழுவில் போடுவதை நிறுத்தி, அவரவர் எண்ணிக்கையை அவரவருக்கே தனியாக அனுப்பினோம். பரிசு ஒரு வெள்ளி நாணயம், அவ்வளவுதான். முந்தைய ஆண்டு ஒரு கல்கூட விற்காத பலர் அந்த முறை விற்றார்கள். கரூர் அக்காவுக்கு நானே போன் செய்து விதிகளை விளக்கினேன். "இது என்னோடு நானே போடும் போட்டி, வருகிறேன் தம்பி" என்றார்.

ஸ்கூட்டர்தான் தருவோம் என்பவர்கள் வரியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொழில் சார்ந்து தரும் பரிசின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகுதான் கையில் கொடுக்கலாம். 90,000 ரூபாய் வண்டிக்கு 9,000 ரூபாய். மாலை போட்டு மேடையில் நிற்பவரிடம் அந்த நேரத்தில் போய் இதைக் கேட்பது அவமானப்படுத்துவதற்குச் சமம்.

நேற்று இரண்டு பேர் எனக்கு எழுதியிருந்தார்கள். இருவருக்கும் போட்டி அறிவிப்பு வந்துவிட்டது, பளபளவென்று படத்துடன். இரண்டு மாதக் கமிஷன் மட்டும் இன்னும் வரவில்லையாம். அந்த நிறுவனத்தார் இதைப் படித்தால், ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.