ஊருக்கு டிக்கெட் இருக்கறவங்களும் இல்லாதவங்களும்

எங்க அத்தை, அதாவது மாமியார், காலைல நாலரைக்கு எந்திரிச்சிடுவாங்க. வயசு எழுபத்திரெண்டு. பால்மரம் வெட்டுறத, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையச் சீவி பால் எடுக்குற வேலைய, விட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அலாரம் கெடையாது, யாரும் எழுப்பவும் வேணாம், நாலரை ஆனா பின்கட்டுல லைட்டு எரியும். கொஞ்ச நேரத்துல நானும் போயி பக்கத்துல உக்காந்துருவேன். 2011-ல கல்யாணமாகி திருத்துறைப்பூண்டிப் பக்கத்துலேருந்து மலேசியாவுல பேராக் மாநிலத்துல உள்ள இந்த சுங்கை சிப்புட்டுக்கு வந்ததுலேருந்து எனக்கு ஒரு நாள்லயே ரொம்பப் பிடிச்ச நேரம் அதுதான். இன்னும் விடியல, எங்கயோ ஒரு சேவல், தூரத்துல ஈப்போ ரோட்டுல லோரி போற சத்தம், நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு காப்பி.

காப்பி ஒண்ணு இல்ல, ரெண்டு தனித்தனி காப்பி. எனக்கு ஒவ்வொரு தடவ ஊருக்குப் போறப்பவும் கும்பகோணத்துல அரைச்சு வாங்கிட்டு வர்ற தூள், பித்தளை பில்டர், ராத்திரியே போட்டு வச்ச டிகாக்‌ஷன், மோட்டார் பைக்ல மாட்டுப்பால் கொண்டாந்து ஊத்துற அண்ணன்கிட்ட வாங்குற பாலு. அவங்களுக்கு கோப்பி ஓ. சீனியும் மார்ஜரினும் போட்டு கருக்க வறுத்த கொட்டை, துணிப்பையில ஊத்தி வடிச்சு, பால் இல்லாம, கறுப்பா. வந்த புதுசுல அந்த வாசனையே எனக்கு ஒத்துக்கல, கருகின வெல்லப்பாகு மாதிரி இருந்துச்சு. இப்ப அந்த வாசனை வரலன்னா வீட்டுல யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு மனசு பதறுது.

இத ஏன் எழுதுறேன்னா, போன வாரம் ஊர்லேருந்து ஒரு சொந்தக்காரங்க போன் பண்ணி பேசிட்டு இருக்கும்போதே "பாவம்டி நீ, கடல் தாண்டிப் போயி ஊரு ஒறவு ஒண்ணும் இல்லாம கெடக்க"ன்னாங்க. அவங்க பாசத்துலதான் சொன்னாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க எழுதுற ஏக்கப் பதிவெல்லாமும் இப்படித்தான் இருக்கு, ஊர ஏங்குற உரிமை பாஸ்போர்ட்ல சீல் குத்தினவங்களுக்கு மட்டும்தான் உண்டுங்கற மாதிரி. நானும் முதல் நாலஞ்சு வருஷம் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அது தப்புன்னு எனக்குப் புரிய வச்சது அத்தைதான், அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லாமலே.

எனக்கு ஏக்கம் இல்லன்னு சொல்ல வரல. ஐப்பசி வந்தா இங்கயும் அடிச்சு ஊத்தும், பேராக்குல அக்டோபர் நவம்பர் நல்ல மழை மாசம், அந்த ஈரக்காத்து மூஞ்சில பட்ட உடனே சம்பா நடவு வயல், வரப்புல நண்டு வளை, எங்க அப்பா கோணிச்சாக்க மடிச்சு தலைல போட்டுட்டு மடை பாக்கப் போறது எல்லாம் வந்துரும், அன்னிக்குப் பூரா வேல ஓடாது. இன்னொரு பக்கம் இங்கயே கெடைக்கற சந்தோஷமும் இருக்கு. பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, வாழையிலையில வச்சுத் தர்ற இடியாப்பம், மேல தேங்காப்பூவும் பழுப்புச் சீனியும். நம்ம ஊரு மாதிரி தேங்காப்பால் ஊத்த மாட்டாங்க. அது குறைன்னு மொதல்ல நெனச்சேன், இப்ப சீனி இல்லாத இடியாப்பம் எறங்கவே மாட்டேங்குது.

அப்புறம் அந்த வார்த்தை. கல்யாணமாகி வந்த மறுநாள் காலைல பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு "பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பொசுக்குன்னு கண்ணு கலங்கிருச்சு. அது எங்க அப்பாயி சொல்ற வார்த்தை. நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப வாசல்ல யாரு வந்தாலும் "பசியாறிட்டுப் போ ஆயி"ம்பாங்க. அவங்க போனதுக்கப்புறம் எங்க தெருவுல அந்த வார்த்தைய யாரும் சொல்லி நான் கேக்கல, எல்லாரும் "டிபன் ஆச்சா"க்கு மாறிட்டாங்க. கடல் தாண்டி இங்க வந்து பாத்தா சின்னப் பசங்ககூட சொல்லுது. காலைச் சாப்பாட்டுக்கு இங்க வேற பேரே இல்ல, பசியாறதுதான். மைலுக்கு கட்டை, பணத்துக்கு வெள்ளி, காலைல வேலைக்குப் பேரு கூப்பிடற மஸ்டருக்கு பெரட்டு, கிளார்க்குக்கு கிராணின்னு எனக்குப் புதுசா கத்துக்க வேண்டியதும் நெறைய இருந்துச்சு. ஆனா இங்க உள்ளவங்க பேசறது கலப்படத் தமிழ்னு நம்ம ஊர்ல சிலபேரு சொல்றப்ப எனக்கு உண்மையிலயே கோவம் வரும். நாம தொலைச்ச வார்த்தைய வச்சிருக்கவங்களப் பாத்து அத சொல்லக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் ஏக்கத்துக்கு மருந்து இருக்கு. கோலாலம்பூர்ல ஏறினா நாலு மணி நேரத்துல திருச்சி, அங்கேருந்து வண்டி புடிச்சா ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்க அம்மா கையால ரசம். வீடு இருக்கு, கொல்லையில எலுமிச்ச மரம் இருக்கு, நான் படிச்ச பள்ளிக்கூடம் இருக்கு, கொளத்துப் படிக்கட்டுல ஒடஞ்ச கல்லுகூட அப்படியே இருக்கு. அத்தைக்கு என்ன இருக்கு? அவங்க பொறந்து வளந்து கல்யாணம் கட்டி நானூறு மரம் வெட்டின தோட்டம் இந்த வீட்டுலேருந்து ஆறு கட்டை தூரம்தான். தோட்டத்து பேரு போட வேணாம்னு சொன்னாங்க, அதனால போடல. மோட்டார்ல போனா பதினஞ்சு நிமிஷம். ஆனா போனா அங்க தோட்டம் இல்ல. தாமான், அதாவது குடியிருப்பு நகர், இருக்கு, வரிசையா மாடிவீடு, காடி (காரு) நிறுத்துற போர்ச், ஒரு செவன் இலெவன். தொழிலாளிங்க வரிசை வீடான லயம் இல்ல, புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகை இல்ல, பெரட்டுக் களம் இல்ல.

இது இவங்க ஒருத்தங்களோட கதை இல்லன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அம்பது அறுபதுகள்லயே வெள்ளக்கார கம்பெனிங்க வித்த தோட்டமெல்லாம் துண்டு துண்டாச்சு, அப்புறம் கித்தா (ரப்பர்) போயி செம்பனை (பாமாயில் பனை) வந்துச்சு, செம்பனைக்கு அத்தன ஆளு தேவைப்படல, அப்புறம் டவுனுக்குப் பக்கத்துல இருந்த நெலமெல்லாம் வீட்டு மனையாச்சு. துண்டாடலப் பாத்துதான் எங்க ஊர்க்காரரு, அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தொழிலாளிங்களே காசு போட்டு தோட்டம் வாங்கணும்னு. அத்தையோட அப்பாவும் சம்பளத்துல புடிச்சுக் கட்டி ஒரு பங்கு வாங்கினவரு, அந்தப் புஸ்தகத்த அத்தை இன்னும் துணி அலமாரில வச்சிருக்காங்க. தமிழ்ப்பள்ளிங்க கணக்கப் பாத்தாலே எவ்வளவு காலியாச்சுன்னு தெரியும், 1957-ல 888 இருந்துச்சு, இன்னிக்கு ஐந்நூத்திச் சொச்சம். சரித்திரப் புஸ்தகத்துல எங்க ஊரு பேரு வர்றது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், 1948 ஜூன் 16 இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல மூணு வெள்ளக்காரத் துரைங்க சுட்டுக் கொல்லப்பட்டதும் அதத் தொட்டு நாடு பூரா அவசரகாலம் வந்ததும். அத்தைகிட்ட கேட்டா அவங்க சொல்ற சரித்திரம் வேற, எந்த வீட்டுல கொழம்பு நல்லாருக்கும், எந்தக் கிணத்துல தண்ணி உப்புக் கரிக்கும், இப்படி.

அந்தத் தோட்டத்துல மிஞ்சினது ஒரு முனியாண்டி கோயில் மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவ திருவிழா. ஜொகூர்லேருந்து, ஷா ஆலாம்லேருந்து, பினாங்குலேருந்து ஆளுங்க குடும்பத்தோட வருவாங்க, ஊரே இல்லாத ஊர்த் திருவிழாவுக்கு. தப்பு அடிக்க ஆரம்பிச்சா தாமான் ஜன்னலெல்லாம் தொறக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடி அன்னதானம் முடிஞ்சதும் அத்தை என் கையப் புடிச்சு "வா, எங்க வீட்டக் காட்டுறேன்"னாங்க. எனக்குப் புரியல. கோயில் வாசல்ல நின்னு, தெக்க பாத்து, வாய்க்குள்ள காலடிய எண்ணிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சாங்க. தார் ரோடு, சாக்கடை, ஒரு பூனை படுத்திருந்த மதிலு எல்லாத்தையும் தாண்டி எண்ணிட்டே போறாங்க. நூத்திப் பன்னெண்டுல நின்னாங்க. ஒரு வீட்டு கேட்டு. உள்ள ஒரு வெள்ளக் காடி நிக்குது, அதுக்குக் கீழ சுட்டிக் காட்டி "அங்கதான் எங்கம்மா அடுப்பு. அந்தக் காடி பின் சக்கரம் இருக்கு பாரு, அங்க எங்கப்பா உளி தீட்டுற கல்லு"ன்னாங்க.

நாங்க நிக்கிறதப் பாத்துட்டு உள்ளேருந்து ஒரு மலாய்க்கார அம்மா வந்தாங்க. யாரு வேணும்னு கேட்டாங்க. அத்தை மலாய்ல சொன்னாங்க, முன்னாடி இங்க எங்க வீடு இருந்துச்சு, சும்மா பாக்க வந்தேன்னு. அந்தம்மா ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் கேட்ட நல்லாத் தொறந்து "மாசோக், மாசோக்" (உள்ள வாங்க)னு கூப்பிட்டாங்க. அத்தை போகல, செருப்பக் கழட்டிட்டு அந்தப் போர்ச் சிமெண்டுல மட்டும் கொஞ்ச நேரம் நின்னாங்க. வெறுங்காலோட. வரும்போது அந்தம்மா ஒரு பையில ரம்புத்தான் பழம் போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து அத்தை அத யாருக்கும் குடுக்காம சாமி ரூம்புல வச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு அவங்க அழுதது அன்னிக்கு ராத்திரிதான்.

நான் அன்னிக்குத்தான் நெனச்சேன், நம்மள்ல யாரு வெளிநாட்டுல இருக்கறது? நானா, இவங்களா? நான் ஆயிரம் மைலுக்கு மேல தள்ளி இருந்தும் என் ஊரு எனக்கு இருக்கு, இவங்க ஆறு கட்டைல இருந்தும் இவங்க ஊருக்குப் போக எந்தக் கவுண்டர்லயும் டிக்கெட் கெடைக்காது.

2016-ல அவங்கள இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போனோம். அத்தையோட அப்பா நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி வந்தவரு, கங்காணி கூட்டிட்டு வந்தது, 1938-ல இந்தியாக்காரங்க தோட்டத்துக்கு ஆள் அனுப்பறத நிறுத்துறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. அந்தக் கிராமம் எங்க ஊர்லேருந்து ரொம்பத் தூரம் இல்ல. "பூர்வீகத்தப் பாக்கப் போறீங்க"ன்னு எங்க சைடுல எல்லாரும் ஒரே உற்சாகம். போனாங்க, பங்காளி வகையில ஒரு வீட்டுல உக்காந்தாங்க, மரியாதையா பேசினாங்க, கோயில்ல அர்ச்சன பண்ணாங்க. எங்கம்மா வீட்டுல மூணாவது நாள் விடியக்காலம் நாலரைக்குத் திண்ணையில தனியா உக்காந்திருந்தாங்க. எங்கம்மா பதறிப் போயி டிகிரி காப்பி போட்டுக் குடுத்தாங்க. வாங்கிக் குடிச்சுட்டு எங்கிட்ட மெதுவா கேட்டாங்க, "இங்க எங்கயாச்சும் கோப்பி ஓ கெடைக்குமாலா?" அதுக்கப்புறம் நான் அவங்ககிட்ட பூர்வீகம்ங்கற வார்த்தைய எடுத்ததே இல்ல. அது அவங்க அப்பாவோட ஊரு. அவங்க ஊரு இல்ல.

திரும்பி வந்தப்புறம் கோலகங்சாருக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன், இங்கேருந்து பக்கம்தானே. 1877-ல அங்க ஒம்பது ரப்பர் கன்னு வச்சாங்க, இந்த நாட்டுல கித்தா தொடங்கினதே அதுலேருந்துதான்னு சொல்லலாம், அதுல ஒரு மரம் இன்னும் ரோட்டோரமா நிக்குது. வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. அத்தை போட்டோவெல்லாம் கேக்கல, அண்ணாந்து கெளையப் பாத்தாங்க, அப்புறம் குனிஞ்சு இடுப்பு உயரத்துல மரத்தப் பாத்தாங்க, வலது கை விரல் தானா மடங்கி உளி புடிக்கற மாதிரி ஆச்சு. "இம்மாம் பெரிய மரத்த ஒரு ஆளு வெட்ட முடியாதுலா"ன்னாங்க. இருட்டுல தலைவிளக்கு, இடுப்புல பொகையுற கொசுவத்தி, பட்டைய அளவா சீவணும், ஆழம் போனா மரத்துக்குக் காயம், காயம் பட்டா ஏச்சு, பத்து பத்தரைக்குள்ள மங்குல (மரத்துல கட்டின கிண்ணத்துல) உள்ள பாலெல்லாம் எடுத்துடணும், காண்டாவுல (காவடிக் கம்புல) ரெண்டு வாளி தோள்ல. வீட்டுக்கு வர்ற வழி பூரா பேசிட்டே வந்தாங்க. அவ்வளவு கஷ்டமான வேலைய அவங்க ஏங்குறாங்களான்னு கேப்பீங்க. வேலைய இல்ல. அந்த வேலை முடிஞ்சு பதினொரு மணிக்கு லயத்துக்கு நடந்து வர்ற வழியில பேசிட்டு வந்த ஆளுங்கள.

அதனால வெளிநாட்டுல உள்ள நம்ம சொந்தங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஊரப் பத்தி எழுதுங்க, நல்லா எழுதுங்க, நானும் எழுதுவேன். ஆனா இந்தப் பக்கம் வந்தா ரெட்டைக் கோபுரமும் பத்துமலையும் பாத்துட்டு அப்படியே ஏர்போர்ட் போயிடாதீங்க. ரயில் ஏறி எங்கள மாதிரி ஒரு தோட்டத்து டவுனுக்கு வாங்க, ஒரு பெரியவங்க பக்கத்துல உக்காந்து உங்க வீடு எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. இங்க உள்ள தம்பி தங்கச்சிங்களும் கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. நான் பண்ணிட்டு இருக்கேன், இதுவரைக்கும் நாப்பது கிளிப் சேந்திருக்கு, அந்த நூத்திப் பன்னெண்டு காலடியில என்னென்ன இருந்துச்சுன்னு வீடு வீடா.

இன்னிக்குக் காலைலயும் எந்திரிச்சேன். வெளிய சோன்னு மழை. அத்தை கதவத் தொறந்து கைய நீட்டிப் பாத்துட்டு "மரம் ஈரம். இன்னிக்குப் பெரட்டு இல்ல"ன்னாங்க. இருபத்தஞ்சு வருஷமா மழை பேஞ்சா இத சொல்லாம இருந்ததே இல்லன்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, "நீ அவசரப்படாத, இன்னிக்கு ஒன்னோட காப்பியே எனக்கும் போடு"ன்னாங்க.