யூ.கே.ஜி. பிள்ளைக்கு எதற்குத் தெர்மாகோல் பிரமிடு?

வேலூர் பஜாரில் எந்த ஸ்டேஷனரி கடைக்குப் போனாலும் இப்போது ஒரே கூட்டம். யூ.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘த்ரீ டி ஷேப்ஸ் பிராஜெக்ட்’. நாளைக் காலையிலேயே கொண்டுவர வேண்டுமாம். கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது: தெர்மாகோல் கனச்சதுரம், கலர் பேப்பர் ஒட்டிய கூம்பு, ஜிகினா தூவிய பிரமிடு. அப்பா காசு கொடுக்கிறார், அம்மா பெயர் எழுதி ஒட்டுகிறார், அதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் அது பள்ளி அலமாரியில் ஏறிவிடும். உடைந்துவிடும் என்பதால் யாரும் தொடக்கூடாது. தொடவே கூடாத பொருளை வைத்துத் திண்ம வடிவம் சொல்லிக்கொடுப்பதற்குப் படத்தையே காட்டிவிட்டுப் போகலாம், செலவாவது மிச்சம்.

காட்பாடிப் பக்கம் மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் வரிசையே தலைகீழ். முதலில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சுவரில் சார்ட். அப்புறம் கொஞ்ச காலம் கழித்துத்தான் கோளம், கனச்சதுரம், உருளை, அதுவும் படமாக. ஆனால் தவழ்கிற வயதிலிருந்து பிள்ளை கையில் பிடித்ததெல்லாம் பந்தும் டப்பாவும் கிண்ணமும்தானே? பருமனே இல்லாத வட்டத்தை எந்தப் பிள்ளையும் கையில் பிடித்ததில்லை. தெரிந்ததைத் தள்ளிவைத்துவிட்டுத் தெரியாததிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

1840இல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தாரே ஜெர்மனியின் ஃப்ரோபெல், அவர் போட்ட வரிசை வேறு. முதலில் கம்பளி நூல் பந்துகள். அடுத்து மரத்தில் கோளம், உருளை, கனச்சதுரம். அடுத்து எட்டுக் குட்டிக் கட்டைகளாகப் பிரியும் ஒரு கனச்சதுரம். தட்டையான பலகை, குச்சி, புள்ளியெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் வைத்த பெயரின் ‘கே.ஜி.’யை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும், நீல நிற மர உருவங்களைப் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்துச் சொல்வார்கள். அந்த மர செட்டை ஆன்லைனில் வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. விலையைப் பார்த்தால் மயக்கம் வரும், நம் வீட்டில் இருப்பதே போதும்.

டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் உருளைக்கு உதாரணம் டம்ளர்தான். பவுடர் டப்பாவையும் காபி டம்ளரையும் தரையில் படுக்கவைத்துத் தள்ளிவிடச் சொல்லுங்கள். டப்பா நேராக ஓடிச் சுவரில் முட்டும். டம்ளர் வளைந்து வளைந்து, தள்ளிவிட்ட பிள்ளையிடமே வரப் பார்க்கும். “இன்னா மிஸ் இது, சுத்திக்கினே வருது?” என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். நூல் சுற்றிவரும் கோன் ஒன்று, ஒரு பக்கெட், ஒரு பேனா மூடி என்று அடுத்தடுத்து உருட்டவிடுங்கள். வாய் அகலமாகவும் அடி சிறியதாகவும் இருப்பது எல்லாமே வளைகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு சுற்றுக்கு அகலமான விளிம்பு அதிக தூரம் ஓடவேண்டும், சின்ன விளிம்பால் அவ்வளவு ஓட முடியாது, அதனால்தான் திரும்புகிறது. பத்தாம் வகுப்பில் ‘கூம்பின் இடைக்கண்டம்’ (நுனி வெட்டிய கூம்பு) என்று சூத்திரத்தோடு வந்து பிள்ளைகளைப் பயமுறுத்துவது இந்த டம்ளர்தான். ஐந்து வயதில் அதை உருட்டிப் பார்த்த பிள்ளை அவ்வளவு பயப்படாது என்று நினைக்கிறேன்.

கூம்புக்கு மணல் போதும். காய்ந்த மணலை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தால் குவியல் கூம்பாகத்தான் நிற்கும். பாலாற்று மணலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் அப்படியேதான் குவியும்.

தாயக்கட்டையைப் பாட்டியிடம் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு கேள்வி கேட்கலாம்: நீளமான நாலு பக்கத்தைத்தான் கணக்கில் எடுக்கிறோம், இரண்டு முனையையும் ஏன் எடுப்பதில்லை? உருட்டிப் பார்த்துவிட்டு, “அது அப்டி நிக்காது மிஸ்” என்பார்கள். லூடோ பகடைக்கு மட்டும் ஏன் ஆறு பக்கமும் புள்ளி என்று அடுத்து கேளுங்கள். கனச்செவ்வகத்துக்கும் கனச்சதுரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஈர்க்குச்சியும் ஊறவைத்த பட்டாணியும். ஒரே நீளத்தில் பன்னிரண்டு குச்சி, எட்டுப் பட்டாணி, கனச்சதுரம் தயார். விளிம்பு 12, முனை 8 என்று மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, குச்சி போதாமல் அழுத பிள்ளைக்கு அது மறக்காது. ஆனால் அந்தக் கனச்சதுரம் நிற்காது, ஆடும், ஒரு பக்கமாகச் சாயும். ஆறு குச்சி, நாலு பட்டாணியில் ஒரு முக்கோணப் பிரமிடு செய்து பக்கத்தில் வையுங்கள், அசையாமல் நிற்கும். எப்படியும் ஒரு பிள்ளை கனச்சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி குத்தப் பார்க்கும். அதே நீளக் குச்சி எட்டாது. ஏன் எட்டவில்லை என்று அங்கே நடக்கும் சண்டை இருக்கிறதே, அதுதான் வகுப்பு! முடிந்ததும் வெளியே கூட்டிப்போய் செல்போன் டவரைக் காட்டுங்கள். கம்பிகள் எல்லாம் ஏன் குறுக்கே போகின்றன என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

உருளைக்கு எத்தனை விளிம்பு என்று இந்த வயதில் டெஸ்ட் வைப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். வட்டமான ஓரத்தை விளிம்பென்று எண்ணலாமா என்பதில் பெரியவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

எனக்கு உண்மையான ஆதங்கம் வேறு ஒன்று. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் எத்தனை அம்மாக்கள் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். தட்டையாக வெட்டிய தோல் துண்டுகளைத் தைத்து அப்பராக்கி (ஷூவின் மேல்பகுதி), லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின் மேல் இழுத்தால் அது கால் வடிவத்துக்கு வந்து நிற்கிறது. எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்று துண்டைப் பார்த்தே சொல்லும் கண் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு கனச்சதுரப் பெட்டியை ஓரங்களில் பிரித்துத் தட்டையாக்கினால் பதினொரு விதமாக விரிக்கலாம். பேஸ்ட் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்தால், அந்தப் பாடத்தை என்னைவிட அவர்கள் நன்றாக நடத்துவார்கள். ஆனால் பிள்ளையின் நோட்டை நீட்டினால், “எனக்குக் கணக்கு வராதுங்க மிஸ்” என்று பின்வாங்குகிறார்கள். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைக்கூடத் தொடாமல் வடிவியலிலேயே சம்பாதிக்கிறவர்களை, கணக்கு வராது என்று யார் நம்பவைத்தார்கள்?

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நெரிசலான வகுப்பில் ஆளுக்கொரு டம்ளர் உருட்டவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புவரை பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பொருளை வைத்துச் செய்து பார்க்க வழி வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்திலாவது, கட்டணம் கட்டித் தெர்மாகோல் வாங்குகிற நாம் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

சரி, ஒரு உதவி. குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மடிப்புக்கோடு போட்டு இன்னும் ஒட்டாத மேல்பெட்டி, அடிப்பெட்டி அட்டை கொஞ்சம் கிடைக்குமா? அச்சு கோணலாகி ஒதுக்கியது போதும். லேபிள் பக்கம், குச்சியை உரசும் மருந்துப் பக்கம், ஓரப் பக்கம் என்று மூன்று ஜோடியையும் பிள்ளைகளே மடித்து ஒட்டிப் பார்க்கட்டும். மருந்து தடவாத அட்டையாக இருந்தால் இன்னும் நல்லது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.