ஆக்சானே இல்லாத செல்லை விட்டுவிட்டீர்களே

வாசனை பற்றிய உங்கள் கட்டுரையை, மும்பை மாட்டுங்கா பூக்கடையில் மல்லியையும் மரிக்கொழுந்தையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்கிறோமே, அது எப்படி என்று நன்றாகத்தான் ஆரம்பித்தீர்கள், ஆனால் மைட்ரல் செல் என்ற நரம்புச் செல் மூளையின் மற்ற பகுதிகளுக்குச் செய்தி அனுப்புகிறது என்பதோடு சட்டென்று முடித்துவிட்டீர்கள். மூக்கிலிருந்து வரும் வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான நுகர்வுக் குமிழில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது கிரானுல் செல். அதற்கு, நரம்புச் செல் செய்தியை வெளியே அனுப்பும் இழையான ஆக்சானே கிடையாது! வழக்கமாகச் செய்தியை வாங்கும் கிளையான டென்ட்ரைட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளில் மைட்ரல் செல் தரும் குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை வாங்கி, அதே முள்ளிலிருந்து காபா (GABA) என்ற அடக்கும் வேதிப்பொருளைத் திருப்பி விட்டு அந்த மைட்ரல் செல்லையே அடக்குகிறது, கூடவே பக்கத்து மைட்ரல் செல்களையும். கொடுக்கல் வாங்கல் இரண்டும் ஒரே கவுண்டரில். ரால், ஷெப்பர்ட் என்ற நரம்பியல் ஆய்வாளர்களின் குழுவினர் 1966-லேயே இதை எழுதிவிட்டார்கள். அப்புறம், வளர்ந்த எலிகளிலும் இந்தக் கிரானுல் செல்கள் புதிதாகச் சேர்வது சரி, 'நமக்கும் அப்படியே' என்று நீங்கள் அடித்துச் சொன்னது அவசரம், மனிதர் விஷயத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.