ஜெயித்த டோக்கனா, வாங்கிய டோக்கனா?

லாஸ் வேகாஸ் போய் வந்தவர்கள் வெள்ளி டோக்கனைக் காட்டி, "இது சும்மா வந்தது, மெஷின்ல ஜெயிச்சது" என்பார்கள். அந்த "சும்மா"வைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

அந்த டோக்கனுக்கு சில்வர் ஸ்ட்ரைக் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் கேசினோக்களில் (சூதாட்ட விடுதிகளில்) வந்தது. நடுவில் சுத்த வெள்ளி, சுற்றிலும் பித்தளை வளையம், மேலே பிளாஸ்டிக் டப்பி. முகமதிப்பு 10 டாலர். காசு போட்டுச் சுழற்றும் ஸ்லாட் மெஷினில் குறிப்பிட்ட சின்னங்கள் வரிசையாக நின்றால் காசுக்குப் பதில் இது விழும். கேசினோ கவுண்டரில் கொடுத்தால் 10 டாலர் கைக்கு வரும். கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த 10 டாலரை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம்.

அப்புறம் ஆட்டச் செலவு. ஒரு சுற்றுக்கு 75 சென்ட், மணிக்கு 500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 375 டாலர் உள்ளே போகிறது. மெஷின் 100க்கு 8 பிடித்துக்கொண்டால் சராசரியாக 30 டாலர் நஷ்டம். (நெவாடா விதிப்படி 25 வரை பிடிக்கலாம், பொதுவாக அவ்வளவு பிடிப்பதில்லை.) அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு டோக்கன் விழுந்து இரண்டையும் வைத்துக்கொண்டால், அந்த 30 டாலரோடு மாற்றாமல் விட்ட 20 டாலரும் சேரும். ஆக, ஒன்றின் அடக்கவிலை 25 டாலர். விமான டிக்கெட்டையும் ஓட்டலையும் சேர்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான்.

கேசினோவுக்கு இது அருமையான வியாபாரம். டோக்கனில் ஏறக்குறைய 0.6 அவுன்ஸ் வெள்ளி. அன்று அவுன்ஸ் 4, 5 டாலர்தான். 3 டாலர் வெள்ளியை 10 டாலர் என்று கொடுத்தார்கள். நாமும் அதைத் திருப்பித் தராமல் பத்திரமாகப் பூட்டிவைத்தோம்! இன்று நிலவரம் வேறு. வெள்ளி அவுன்ஸ் 30 டாலரைத் தாண்டினாலே உள்ளே இருக்கும் உலோகம் மட்டும் 18 டாலருக்கு மேல்.

இதில் இன்னொரு தலைவலி, எந்த டிசைன் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு டிசைன் வரிசையை முழுசாகச் சேர்க்க நினைப்பவருக்கு ஒரே டோக்கன் நாலு தடவை வரும், வேண்டியது வராது.

ஆடப் பிடித்தால் ஆடுங்கள். அதை சினிமா டிக்கெட் மாதிரி பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுங்கள். சேகரிப்புக்கு என்றால், விற்பவரிடம் காசு கொடுத்து வாங்கத்தான் நான் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாமே சுத்த வெள்ளி இல்லை, முலாம் பூசியவையும் உண்டு. டோக்கனின் இரண்டு பக்கப் புகைப்படமும் கேட்டு வாங்கிப் பாருங்கள். .999 (அதாவது 99.9 சதவீதம் சுத்தம்) என்ற பொறிப்பு இல்லாததற்கு வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.