43 கட்டைவிரலும் 11 ஜோடிச் செருப்பும்

போன சனிக்கிழமை நம்ம சால்சா சோஷியல்ல, அதான் ஜோடி ஆட்டமான சால்சாவைக் கிளாஸ் இல்லாம சும்மா கூடி ஆடற ராத்திரியில, நடந்தது குழுவுல இருக்கற எல்லாத்துக்கும் தெரியும். மறுபடியும் முதல்ல இருந்து ஓதப் போறதில்லைங்க. வாக்கெடுப்புல "வர்றேன்"னு கட்டைவிரல் தூக்குனது 43 பேர். எட்டு மணிக்கு ஹால் வாசல்ல கெடந்தது 11 ஜோடிச் செருப்பு. அதுல ஒண்ணு வாட்ச்மேன் அண்ணனோடது.

சரி, வேலை இருந்திருக்கும், ஒறம்பரை வந்திருப்பாங்கன்னு பாத்தா, ஞாயித்துக்கிழமை காலைல ஸ்டேட்டஸ் பூரா பெங்களூரு சால்சா சோஷியல். ரயிலு, ரூமு, நுழைவுச்சீட்டுன்னு சுளையாச் செலவு பண்ணிப் போன அதே ஆளுகதான், நம்மூரு சோஷியலுக்குத் தலைக்கு 150 ரூவாங்கறதைப் பாத்து "கொஞ்சம் எச்சாத் தெரியுதே"ன்னாங்க.

கணக்கைச் சொல்லிர்றேன். 3 மணி நேரத்துக்கு ஹால் வாடகை 4,500. சவுண்டு பாக்ஸ், தண்ணி கேன், கூட்டித் துடைக்கற அக்காவுக்குன்னு 1,500. 40 பேர் வந்தா வரவும் செலவும் நேராப் போகும். 10 பேர் வந்தா 4,500 துண்டு விழும். இதுல லாபம் பாக்கறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுதாமா. நல்லா இருங்க.

சொல்றது ஒண்ணே ஒண்ணு: வர்றேன்னா வாங்க.

"அதான் கிளாஸுக்குக் காசு கட்டறமே"ம்பீங்க. கிளாஸு வேற, சோஷியல் வேறைங்க. கிளாஸ்ல மாஸ்டர் "1-2-3, 5-6-7"ன்னு கத்திட்டே இருப்பாரு. சோஷியல்ல அந்தக் குரல் இருக்காது, பாட்டுதான் இருக்கும். அப்பத்தான் காலு மாட்டும். சால்சாவுல பாட்டை எட்டு எட்டா எண்ணி ஆடறோம், 4-லயும் 8-லயும் அடி எடுத்து வைக்கறதில்லை. ஆனா கொங்கா மேளத்துல திறந்து விழுற சத்தம் அந்த 4-லயும் 8-லயும்தான் பலமாக் கேக்கும். பேஸ் கிட்டாரும் அங்கயே விழும். துடும்பு மேளம் கேட்டு வளந்த காது நம்முளுது, கனமா விழுற அடியில காலைப் போட்டுப் பழகினது. அதான் புதுசா வர்ற முக்காவாசிப் பேரு 4-ஐ 1-னு நெனச்சு ஆரம்பிக்கறாங்க. பாட்டு சூடு பிடிச்சதும் மணி மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, கவ்பெல். அது 1, 3, 5, 7-ல விழும். அதைப் புடிச்சுக்கிட்டா தப்பாது. இதைப் போர்டுல எழுதிப் போட்டுப் புரிய வைக்க முடியாது. ராத்திரிக்கு இருபது பாட்டு ஆடோணும்.

இன்னொண்ணு. கிளாஸ்ல கிராஸ் பாடி லீட், அதாவது ஜோடியை நம்ம முன்னால குறுக்க நடத்தி அந்தப் பக்கம் அனுப்பற அடவு, எல்லாருக்கும் அழகா வரும். ஏன்? எதுத்தாப்புல நிக்கறவங்களுக்கு அடுத்து என்னன்னு முன்னயே தெரியும், அவங்களாவே கடந்து போயிருவாங்க. சோஷியல்ல அந்தச் சலுகை கெடையாது. லீட் பண்றவரு, அதான் ஆட்டத்தை நடத்தறவரு, 1-ல இடதுகாலை முன்ன வச்சு, 3-க்குள்ள இடப்பக்கம் திரும்பி, பாதையை விட்டு ஒதுங்கியிருக்கோணும். 5-6-7-ல அவங்க அந்தப் பாதையில நடப்பாங்க. பாதையிலயே நட்டுவச்ச கல்லாட்ட நின்னுக்கிட்டுக் கையைப் புடிச்சு இழுத்தா, அவங்க தோள்பட்டைதான் போகும். தப்பு கையில இல்லைங்க, ஒதுங்காத காலுல.

"தரை சரியில்லை"ன்னும் ஒரு புகாரு. மரத்தளம் போட்ட ஹாலுக்கு வாடகை குடுக்க ஆளு வந்தா நாளைக்கே எடுக்கலாம். டைல்ஸ்ல தாராளமா ஆடலாம். ரப்பர் அடி போட்ட ஓட்டப்பந்தய ஷூவோட வராதீங்க, அவ்வளவுதான். உடம்பு சுத்தும், பாதம் தரையிலயே ஒட்டி நிக்கும், முழங்கால் முறுக்கிக்கும். பழைய ஷூவுக்கு அடியில ஸ்வேடு தோலு ஒட்டித் தரச் சொல்லுங்க, போதும். தயவுசெஞ்சு பவுடர் மட்டும் கொட்டாதீங்க. ஒருத்தருக்காகக் கொட்டுனதுல நாலு பேரு வழுக்கி விழுவாங்க.

"பொண்ணுக வர்றதில்லை, அதான் நாங்களும் வரலை." அட! வந்தவங்க ஏன் திரும்ப வரலைன்னு யோசிச்சீங்களா? பாட்டு நடுவுல நிறுத்தி வாத்தியார் வேலை பாக்கறது, ஒரே ஆளை மூணு பாட்டுக்கு விடாமப் புடிச்சுக்கறது, வேண்டாம்னா மூஞ்சியைத் தூக்கிக்கறது. ஒரு பாட்டு, ஒரு நன்றி, ஒதுங்கிக்கோங்க. ஆம்பளைக ஃபாலோ, அதான் லீட் நடத்தறபடி ஆடறது, கத்துக்கறதுலயும் கவுரவம் ஒண்ணும் கொறஞ்சிறாது. ஹவானாவுல 1950-கள் கடைசியில வந்த ருவேதாங்கற ஜோடி ஆட்டத்துல எல்லாரும் வட்டமா நிப்பாங்க, ஒருத்தர் அடவு பேரைக் கூவுவாரு, "தாமே"ன்னதும் ஜோடி மாறிரும். கூச்சம் போறதுக்கு அதைவிட மருந்து இல்லை.

வட்டம்னதும், "நம்ம வள்ளி கும்மி இருக்கறப்ப இந்த வெளிநாட்டுக் கூத்து எதுக்கு"ன்னு கேக்கற பெரியவங்களுக்கு. கும்மியை யாரும் வேண்டாங்கலீங்க. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல பத்மஸ்ரீ வாங்குன பத்ரப்பன் ஐயா, ஆம்பளைக மட்டும் ஆடிட்டிருந்ததுல பொண்ணுகளையும் இறக்கிவிட்டவரு. அன்னைக்கு அவரையும் நாலு பேரு பேசாமயா இருந்திருப்பாங்க? கும்மி இன்னைக்கு ஊரூருக்கு அரங்கேற்றம் காணுதுன்னா, வேலை முடிச்சுட்டு ராத்திரி ராத்திரி களத்துக்கு வந்து நின்ன சனத்தாலதான். கட்டைவிரலால இல்லை.

உண்மையச் சொன்னா, வராதவங்க மேல கூட அவ்வளவு கோவம் இல்லைங்க. திருப்பூர்ல இருந்து ஷிப்மென்ட் நாள்லயும் பஸ் ஏறி வர்ற கட்டிங் மாஸ்டர் ஒருத்தரு இருக்காரு. அன்னைக்கும் வந்தாரு. ஆள் இல்லாத ஹாலைப் பாத்துட்டு, "பரவால்லைங்க, எடம் தாராளமாக் கெடைக்குது"ன்னு சொல்லி அடிப்படை அடியைத் தனியாப் போட்டுக்கிட்டிருந்தாரு. அதைத்தான் தாங்க முடியலை.

அடுத்த சோஷியல் ரெண்டு வாரம் கழிச்சு, அதே ஹால், 6 மணிக்கு ஆரம்பம், 9 மணிக்கு முடிவு. இந்தத் தடவை வாக்கெடுப்பு கெடையாது. ஜிபே-ல 150 வந்த பேரை மட்டும் எழுதிக்குவோம். வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள 25 பேர் சேரலைன்னா ஹாலை விட்டுர்றோம்.