அழுது நீலம் பாரிப்பது காக்காய் வலிப்பா?

அழும் குழந்தை மூச்சடைத்து நீலம் பாரித்து விறைத்தால் அது காக்காய் வலிப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெற்றவர்களின் பதற்றம் புரிகிறது; ஆயினும் அக்கூற்று சரியன்று. பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயது வரை வரும் இம்மூச்சடைப்பு, சில நொடிகள் கைகால் வெட்டினாலும், வலிப்பு நோய் ஆகாது. வலிப்பு மாத்திரையும் பொதுவாகத் தேவையில்லை, ஆனால் இரும்புச்சத்துக் குறைவு உண்டா என்று இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. எது முந்தி நடந்தது என்பதை எவரும் கவனிக்கலாம்: இம்மூச்சடைப்பில் அடியோ கோபமோ அழுகையோ முதலில் வரும், நிறம் மாறிய பின்பே உடல் விறைக்கும், வலிப்பு நோயோ தூண்டுதலின்றி, தூக்கத்தில்கூட வரக்கூடும். அந்த நேரத்தில் நடப்பதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவுசெய்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கைகால் வெட்டு 5 நிமிடம் நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.